ஆற்றின் இரு கரையிலும் ஓர் ஊர்

திருநெல்வேலியை ஒரே ஊர் என்று வெளியூர்க்காரர்கள்தான் நினைப்பார்கள். தாமிரபரணி நடுவே ஓட, மேற்கே நெல்லையப்பர் கோயிலைச் சுற்றி ரத வீதிகளும் கடைகளுமாக வளர்ந்தது டவுன். கிழக்கே கோட்டையும் படையும் இருந்த பாளையங்கோட்டை, 19ஆம் நூற்றாண்டில் மிஷனரிகளால் பள்ளிகளின் ஊரானது. பார்வையற்றோருக்கும் காது கேளாதோருக்கும் அந்த நூற்றாண்டிலேயே அங்கே தனிப் பள்ளிகள் எழுந்தன. இதைவிடப் பெரிய பெருமை ஓர் ஊருக்கு வேண்டுமா?

இரு கரைக்கும் இடையே அன்று படகுதான். வெள்ளம் வந்தால் அதுவும் இல்லை. கலெக்டர் அலுவலகத்தில் சிரஸ்தாராக இருந்த சுலோசன முதலியார் தன் சொந்தப் பணத்தில் பாலம் கட்டிக் கொடுத்தார். 1843இல் திறந்த அந்தக் கல் பாலத்தில் இன்றும் பேருந்துகள் ஓடுகின்றன.

மேலப்பாளையம் தனி உலகம். தறிச் சத்தம் ஓயாத இஸ்லாமியத் தெருக்கள். பின்னாளில் வீட்டுத் திண்ணைகளில் பெண்கள் மடியில் முறத்தை வைத்துப் பீடி சுற்றினார்கள். இந்நகரின் வரலாற்றை எழுதுகிறவர்கள் அந்தப் பெண்களின் உழைப்பையும் எழுத வேண்டும்.

1994இல் இவையெல்லாம் சேர்ந்து ஒரே மாநகராட்சி ஆயின. பாளையங்கோட்டைக்காரர் அல்வா வாங்கக் கிளம்பினால், இன்றும் 'டவுனுக்குப் போறேன்' என்றுதான் சொல்கிறார்.