மன்னார்: காற்றும் கரையும் ஊரும்

சிறு பட்டினங்களின் வரலாற்றை எழுதப் புகுவோர் பெரும்பாலும் கோட்டையிலிருந்தே தொடங்குவர். மன்னாரும் இதற்கு விலக்கன்று. 1560 இல் போர்த்துக்கேயர் கட்டிய கோட்டை 1658 இல் ஒல்லாந்தரிடமும் 1795 இல் ஆங்கிலேயரிடமும் கைமாறிய செய்தி பலரும் அறிந்ததே. ஆயின், கோட்டையை ஆண்டோர் மாறியபோதும் ஊரவரின் அன்றாட வாழ்வை ஆண்டது ஒன்றே. அது காற்று.

மன்னார்த் தீவின் வடக்கே பாக்குக் கடல். தெற்கே மன்னார் வளைகுடா. சோளகம் வீசுங்காலை தென்கடல் கொந்தளிக்க, வடகடல் அடங்கிக் கிடக்கும். வாடை பெயர்ந்ததும் இந்நிலை தலைகீழாகும். இதனை உணர்ந்த மீனவர் பருவத்துக்கேற்பக் கரை மாறி, வாடி அமைத்துத் தொழில் புரிந்தனர். கரைவலை இழுப்போரின் பொழுதும் கருவாடு உலர்த்துவோரின் பொழுதும் இக்கணக்கின்படியே கழிந்தன. மாரி மழையொன்றையே நம்பிய வறண்ட மண்ணில் பனை துணைநின்றது. கூரைக்கு ஓலையும், உணவுக்கு ஒடியலும், இனிப்புக்குப் பனங்கட்டியும் அது தந்தவையே.

முத்துக்குளிப்பும் காற்றுக்குக் கட்டுப்பட்டதே. இரு பருவக்காற்றுகளுக்கும் இடையே கடல் அமைதியுறும் மாசி, பங்குனி மாதங்களை ஒட்டியே அரிப்புக் கரையோரத்திற் சலாபம் நிகழ்ந்தது. தமிழகக் கரையிலிருந்தும் அரபு நாடுகளிலிருந்தும் சுழியோடிகள் வந்து கூடினர். வெறுங்கரையிற் சில வாரங்களுக்கு ஒரு நகரமே தோன்றி மறைந்தது. 1906 இல் முத்துப்படுக்கைகள் கம்பனியொன்றுக்குக் குத்தகையாக விடப்பட்டன. சில ஆண்டுகளில் அக்கம்பனியும் நட்டமடைந்து கலைந்தது.

காற்றோடு வந்தோர் விட்டுச்சென்ற சான்றுகள் இன்றும் ஊரிலுள்ளன. பள்ளிமுனையில் நிற்கும் பெருக்கமரத்தின் சுற்றளவு ஏறத்தாழ 19.5 மீற்றர். ஆபிரிக்காவுக்குரிய இம்மரத்தை அராபிய வணிகர் கொண்டுவந்தனர் என்பது பொதுவான கருத்து. தெருக்களிற் கட்டின்றித் திரியும் கழுதைகளையும் அவ்வணிகரோடு தொடர்புபடுத்துவர். எழுத்துச் சான்றினும் இவை குறைந்தன அல்ல. பிறர் வருகையை ஏற்றே இவ்வூர் வளர்ந்தது என்பதற்கு இவற்றினும் வேறு சான்று வேண்டுவதில்லை.

1914 இல் புகையிரதப் பாதையும் தலைமன்னார் – தனுஷ்கோடிக் கப்பற் சேவையும் தொடங்கியபோது, கொழும்புக்கும் தென்னிந்தியாவுக்கும் இடைப்பட்ட வாயிலாக இத்தீவு விளங்கியது. 1964 டிசம்பர்ப் புயல் தனுஷ்கோடியை அழித்தது. அதன்பின் இராமேஸ்வரத்திலிருந்து நடைபெற்ற சேவையும் 1980களிற் போரினால் நின்றது. 1990 இற் புகையிரதமும் நின்றது. வாயில் அடைபட்ட ஊர் தனித்துப்போயிற்று.

அதனினும் பெரிய முறிவு அதே ஆண்டு ஒக்ரோபரில் நேர்ந்தது. வடமாகாண முஸ்லிம்கள் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டபோது, எருக்கலம்பிட்டி முதலிய ஊர்களின் மக்கள் தலைமுறைகளாக வாழ்ந்த மண்ணை விட்டுப் படகேறினர். புயல் உடைத்ததை மனிதர் மீளக் கட்டலாம். மனிதர் உடைத்ததைக் கட்டுவது அத்துணை எளிதன்று. 2009 இற் போர் முடிந்தபின் பலர் மீண்டனர்; புத்தளப் பகுதியிலேயே நிலைத்தோரும் பலர். புகையிரதம் 2015 இல் மீண்டும் தலைமன்னார்த் துறையை அடைந்தது.

இன்று காற்றுக்கு வேறொரு பணியும் வாய்த்துள்ளது. தீவின் தென்கரையில் 2020 இல் திறக்கப்பட்ட காற்றாலைத் தொகுதியில் 30 சுழலிகள் மின்சாரம் பிறப்பிக்கின்றன. வாடைக்காலத்தில் வடதிசை நாடுகளிலிருந்து வலசைப் பறவைகள் இப்பகுதிக்கு வருகின்றன. அருகிலுள்ள வங்காலைச் சரணாலயம் 2010 இல் ராம்சார் ஈரநிலமாக ஏற்கப்பட்டது. பறவைகளின் வான்வழியும், மீனவரின் கரையும், நாட்டின் மின்தேவையும் ஒரே காற்றில் எதிர்ப்படுகின்றன. எதனையும் ஊரவரைக் கேளாது தீர்மானித்தல் முறையாகாது.

பெருக்கமரத்தை இன்று எவரும் அந்நிய மரம் என்பதில்லை. அது மன்னாரின் மரமாகிவிட்டது. வந்தவற்றையெல்லாம் வேரூன்ற விடுவதே இம்மண்ணின் இயல்பு. அவ்வியல்பை மறந்த காலமே இவ்வூரின் இருண்ட காலமாயிற்று என்பது மன்னார் வரலாறு கற்பிக்கும் பாடமாகும்.