வெள்ளை வேட்டி ஏன் மஞ்சளானது?



மண்ணெண்ணெய் விளக்கு எரிந்த லயத்து வீடுகளை நினைவில் வைத்திருக்கும் பெரியவர்கள் உங்கள் வீட்டிலும் இருக்கக்கூடும். அந்த விளக்கொளியில் அப்பா கட்டியிருந்த வேட்டி என்ன நிறமாகத் தெரிந்தது என்று அவர்களைக் கேட்டுப் பாருங்கள். வெள்ளையாகத்தான் தெரிந்தது என்பார்கள். உண்மையில் அந்த வேட்டியிலிருந்து கண்ணுக்கு வந்து சேர்ந்த ஒளி நல்ல மஞ்சள். விளக்கின் மஞ்சளை நம் கண்ணும் மூளையும் நமக்குச் சொல்லாமலே கழித்துவிடுகின்றன. கேமராவுக்கு அந்தப் பழக்கம் கிடையாது. வந்த ஒளியை வந்தபடியே பதிந்துவிடுகிறது. ஆகவே பல்பு வெளிச்சத்தில் எடுத்த படத்தில் வேட்டி மஞ்சளாகிறது. வீட்டு நிழலில் எடுத்த படத்தில் முகம் நீலம் பாய்ந்து கிடக்கிறது. இவ்வாறு படம் முழுவதும் படரும் வேண்டாத நிறத்தை நிறச்சாயல் என்று சொல்லலாம். அதை நீக்க மனிதர் கண்ட வழிகளைத்தான் இன்று பார்க்கப் போகிறோம்.

1861ஆம் ஆண்டு மே 17ஆம் நாள், இலண்டன் மாநகரில் ஜேம்ஸ் கிளார்க் மேக்ஸ்வெல் என்னும் ஸ்காட்லாந்து விஞ்ஞானி ஓர் அதிசயத்தைச் செய்து காட்டினார். கட்டம் போட்ட ஒரு நாடாவைச் சிவப்பு, பச்சை, நீலக் கண்ணாடிகளின் வழியே தனித்தனியாகப் படமெடுக்கச் செய்து, அந்தப் படங்களை அதே நிற விளக்குகளால் திரையில் ஒன்றன்மேல் ஒன்றாக விழச் செய்தார். நாடா வண்ணத்தோடு தெரிந்தது. வண்ணப்படம் என்பது மூன்று படங்களின் கூட்டு என்ற அடிப்படை அன்று நிலைநாட்டப்பட்டது. சோற்றில் உப்பு கூடினால் நாவுக்குத் தெரிவதுபோல, இம்மூன்றில் ஒன்று கூடினாலும் குறைந்தாலும் கண்ணுக்குத் தெரிந்துவிடும். நிறத் திருத்தம் என்பது அந்த அளவைச் சரிசெய்வதுதான்.

1935இல் கோடக் நிறுவனத்தின் கோடாகுரோம் படச்சுருள் வந்தது. படச்சுருளுக்குள் இருக்கும் அளவை எடுப்பவர் மாற்ற இயலாது. ஆதலால் பகல் வெளிச்சத்துக்கு ஒன்று, விளக்கு வெளிச்சத்துக்கு ஒன்று என இருவகைச் சுருள்கள் செய்தார்கள். தவறிய இடத்தில் கேமராவின் முன் நீலக் கண்ணாடியோ செம்மஞ்சள் கண்ணாடியோ பொருத்தினார்கள். 1942இல் கோடாகலர் வந்தபின், நெகட்டிவிலிருந்து காகிதத்தில் அச்சிடும்போதே திருத்தும் வழி பிறந்தது. ஆனால் குவிந்து வரும் படங்களை ஒவ்வொன்றாக உட்கார்ந்து பார்ப்பவர் யார்?

இங்கேதான் ரால்ஃப் எவன்ஸ் வருகிறார். கோடக் நிறுவனத்தைச் சேர்ந்த இவர் 1946இல் ஒரு காப்புரிமைக்கு விண்ணப்பித்தார். 1951இல் அது கிடைத்தது. ஒரு படத்தில் உள்ள எல்லா நிறங்களையும் கலந்து சராசரி பார்த்தால் பெரும்பாலும் சாம்பல் நிறமே வரும் என்பது அவர் எண்ணம். வேறு நிறம் வந்தால் அதைச் சாயல் என்று கருதி, சாம்பலாகும்வரை அச்சு இயந்திரமே திருத்திவிடலாம். வீதி, வீடு, குடும்பம் என்று எல்லாம் கலந்திருக்கும் படங்களுக்கு இது அருமையான முறை.

நம் தோட்டத்துக்கு வாருங்கள். பால்மரங்களுக்கு நடுவே வெள்ளைச் சட்டை போட்ட ஒரு சிறுமி நிற்கிறாள் என்று வைத்துக்கொள்வோம். படத்தில் முக்கால் பங்கு இலைப்பச்சை. இயந்திரத்துக்கு இலை ஏது, சாயல் ஏது? பச்சை மிகுந்துவிட்டது என்று எண்ணி அதைக் குறைக்கும். இலைகள் வாடும், சட்டை இளஞ்சிவப்பாகும், முகம் சிவந்துவிடும். ஸ்டூடியோக்காரர் ஏமாற்றிவிட்டார் என்று அந்தத் தாய் வருந்தியிருப்பாள். பாவம், அவர்மேல் தவறில்லை.

இதனினும் வருத்தமான செய்தி ஒன்று உண்டு. அச்சு இயந்திரத்தைச் சரிபார்க்க 1950களிலிருந்து கோடக் ஓர் அட்டையை அனுப்பி வந்தது. அதில் ஒரு வெள்ளைக்காரப் பெண்ணின் படம் இருக்கும். "ஷெர்லி அட்டை" என்பது அதன் பெயர். அவள் மேனி சரியாக வந்தால் எல்லாம் சரி! மற்றவர் மேனி எப்படி வந்தது என்று பார்க்க அட்டை இல்லை. ஒரே படத்தில் வெளுத்தவரும் கறுத்தவரும் சேர்ந்து நின்றால், கறுத்தவர் முகத்தில் கண்ணும் பல்லும் மட்டுமே தெரிந்த படங்கள் எத்தனையோ. படச்சுருளில் பழுப்பு நிறங்களைச் சீர்படுத்த முதலில் தூண்டியது யார் தெரியுமா? மரச்சாமான் செய்பவர்களும் சாக்லேட் செய்பவர்களும் தங்கள் சரக்கு படத்தில் சரியாக வரவில்லை என்று முறையிட்டார்களாம். பின்னாளில் அந்நிறுவனத்தாரே கூறிய செய்தி இது. பல இனப் பெண்கள் சேர்ந்து நிற்கும் அட்டை 1990களில்தான் வந்தது.

இனி மின்னணுக் காலம். 1975இல் கோடக் பொறியாளர் ஸ்டீவன் சாசன் செய்த முதல் மின்னணுக் கேமரா, ஒரு கறுப்பு வெள்ளைப் படத்தை ஒலிநாடாவில் பதிய 23 விநாடி எடுத்துக்கொண்டது. மறு ஆண்டு பிரைஸ் பேயர் என்பவருக்கு வண்ணத்துக்கான காப்புரிமை கிடைத்தது. ஒவ்வொரு நான்கு புள்ளிக்கும் பச்சை இரண்டு, சிவப்பு ஒன்று, நீலம் ஒன்று என்பது அவர் வகுத்த அமைப்பு. இன்றைய கைப்பேசிக் கேமராக்களில் பெரும்பாலானவை இன்றும் இவ்வழியில்தான் இயங்குகின்றன. அன்று சாயமாக இருந்த நிறம் இன்று எண்ணாகிவிட்டது.

எண் என்றால் கணக்குப் போடலாம் அல்லவா? பல்பு வெளிச்சத்துப் படத்தில் வேட்டியின் ஓர் இடம் சிவப்பு 240, பச்சை 200, நீலம் 150 என்று இருக்கட்டும். வெள்ளைக்கு மூன்றும் சமமாக வேண்டும். சிவப்பை ஆறில் ஐந்தாகக் குறைத்து, நீலத்தை மூன்றில் ஒரு பங்கு கூட்டினால் மூன்றும் 200. அதே கணக்கைப் படம் முழுவதற்கும் செய்தால் பல்பின் மஞ்சள் விலகிவிடும். கைப்பேசியில் "வெண்சமநிலை" என்று நாம் தொட்டு நகர்த்தும் கோடு செய்வது ஏறக்குறைய இதைத்தான். அளவுகோலாக வெளிச்சம் அதிகமாகி வெளுத்துப்போன இடத்தை எடுக்கக்கூடாது; அங்கே மூன்று எண்ணும் முட்டிப்போய் நிற்கும், உண்மை சொல்லாது. மங்கிய சிவப்பேறிய பழைய கலியாணப் படங்களுக்கும் இக்கணக்கு முழுதாக உதவாது. அங்கே காகிதத்திலிருந்த நீலப்பச்சைச் சாயமே மங்கிப் போயிருக்கும். இல்லாததைக் கூட்டுவதற்கு ஓர் அளவுதான் உண்டு.

எவன்ஸ் வகுத்த சராசரியும் இன்னும் ஓய்வு பெறவில்லை. வேறு பல உத்திகளோடு கலந்து கைப்பேசிக்குள்ளும் இருக்கிறது. தைப்பூசத்தன்று பத்துமலையில் மஞ்சள் உடுத்திய கூட்டத்தைப் படமெடுத்துத் தானியங்கித் திருத்தத்துக்கு விட்டுப் பாருங்கள். மஞ்சள் வெளிறி, முகங்களில் நீலம் தட்டக்கூடும். அப்போது முகத்தைப் பார்த்துத் திருத்த முனையாதீர்கள். முகத்தை வெளுப்பாக்கிவிடும் ஆசை கைக்கு எளிதில் வந்துவிடும். கூட்டத்தில் யாராவது வெள்ளை வேட்டி கட்டியிருப்பார். அவரைத் தேடிப் பிடித்து, வேட்டியை வேட்டியின் நிறத்துக்குக் கொண்டு வாருங்கள். பக்கத்தில் நிற்கும் பாட்டியின் முகம் தன் நிறத்துக்குத் தானே வந்து நிற்கும்.