சுவிட்சின் புள்ளிவிவரத்தை நம்பும் முன் அதன் கடிகாரத்தைப் பாருங்கள்

ஈப்போவில் ஓர் அலுவலகம், சுங்கை சிப்பூட்டில் அதன் கிளை என்று வைத்துக்கொள்வோம். காலையில் இரண்டுக்கும் இடையே தொடர்பு அறுந்துவிடுகிறது. ஈப்போ சுவிட்சின் பதிவில் 9:02, கிளையின் பதிவில் 9:01. எந்தப் பக்கம் முதலில் விழுந்தது? இரண்டு கடிகாரமும் ஒத்துப்போகாவிட்டால் இதற்குப் பதிலே கிடைக்காது.

நேரம் ஏன் விலகுகிறது?

சுவிட்சின் கடிகாரம் ஒரு குவார்ட்ஸ் படிகத்தை நம்பி ஓடுகிறது. பத்து லட்சத்துக்கு 20 பங்கு பிசகினாலே ஒரு நாளில் சுமார் 1.7 விநாடி தவறும். ஒரு மாதத்தில் அது 50 விநாடியைத் தாண்டும்.

பொது நேரம் எங்கிருந்து வருகிறது?

நேரம் என்பது ஓர் உடன்பாடு. சூரியனைப் பார்த்தால் ஈப்போவின் உச்சிப்பொழுது சராசரியாக மதியம் 1:16-க்குத்தான் வரும். 1982 ஜனவரி 1-இல் தீபகற்ப மலேசியா அரை மணி நேரம் முன்னே நகர்ந்து, யுடிசி நேரத்தைவிட 8 மணி நேரம் முன்னதாக ஆனது. தோட்டத்தில் விடியுமுன் பெரட்டுக்குக் கூடியவர்களுக்கும் ஒரே பொது நேரம்தான் இருந்தது.

நெட்வொர்க்கில் அந்த வேலையைச் செய்வது என்டிபி. டேவிட் மில்ஸ் உருவாக்கிய இந்த நெறிமுறையின் விவரக்குறிப்பு 1985-இல் வெளிவந்தது. சுவிட்ச் ஒரு நேரச் சேவையகத்திடம் கேட்கிறது; கேள்வியும் பதிலும் போய்வந்த நேரத்தைக் கணக்கிட்டுத் தன்னைத் திருத்திக்கொள்கிறது. நம் நாட்டின் தர நேரத்தைப் பராமரிப்பது சிரிமின் கீழுள்ள தேசிய அளவியல் கழகம்.

எதைப் பார்ப்பது?

பல சுவிட்சுகளில் ‘ஷோ என்டிபி ஸ்டேட்டஸ்’, ‘ஷோ என்டிபி அசோசியேஷன்ஸ்’ என்ற கட்டளைகள் போதும்.

• ஸ்ட்ராட்டம்: 1 என்றால் மூலக் கடிகாரத்துடன் நேரடியாக இணைந்தது. 16 என்றால் ஒத்திசைவே இல்லை.
• ரீச்: 377 என்றால் கடைசி எட்டுக் கேள்விக்கும் பதில் வந்திருக்கிறது.
• ஆஃப்செட்: எவ்வளவு விலகல் என்று மில்லிவிநாடியில் காட்டும்.
• நேர மண்டலம்: என்டிபி யுடிசி நேரத்தை மட்டுமே தரும். 8 மணி நேரத்தைக் கூட்டுவது நீங்கள் செய்யும் அமைப்பு.

அடுத்து போர்ட்டின் எண்ணிக்கைகள். சிஆர்சி பிழை ஏறினால் கேபிள், இணைப்பான் பக்கம் பாருங்கள். அவுட்புட் டிராப் ஏறினால் பெரும்பாலும் நெரிசல். ஆனால் இவை கடைசியாக அழிக்கப்பட்டதிலிருந்து கூடிக்கொண்டே வரும் எண்கள். 1,200 பிழை என்று பார்த்ததுமே கேபிள்தான் கெட்டுப்போச்சுன்னு முடிவு கட்டிடாதீங்க. 10:00 மணிக்கு ஒரு முறை, 10:10-க்கு மறுமுறை பாருங்கள். அதே 1,200 என்றால் அது பழைய கதை. 4,800 என்றால் கோளாறு இப்போது நடக்கிறது.

பயிற்சிக்குப் போகும் மாணவர்களுக்கு ஒன்று: எண்ணிக்கைகளை அழிப்பதற்கு முன் நேரத்தோடு சேமித்து வையுங்கள். அழித்துவிட்டால் சுவிட்சிடம் திரும்பக் கேட்க முடியாது.