ஸ்ரீபுரம்: மேப்பில் இல்லாத டெல்டா கிராமமும் ஒரு பிஎச்டி தீசிஸும்

போன எபிசோடுக்கு வந்த மெயில்களில் ஒன்று: "மூணு வருஷமா பிஎச்டி பண்றேன். டேட்டா இருக்கு, எழுத்து நகரவே மாட்டேங்குது. ஒரு தீசிஸ் எப்படி உருவாகுதுன்னு வரலாற்றிலிருந்து ஏதாவது சொல்லுங்க." நான் பிஎச்டி பண்ணினவன் இல்லை. பி.இ. முடித்துவிட்டு கோடு எழுதிச் சம்பாதிக்கிற ஆள். ஆனால் இந்தியச் சமூகவியலில் இன்றைக்கும் பாடமாக இருக்கிற ஒரு தீசிஸ், எங்க ஊர் திருக்காட்டுப்பள்ளியிலிருந்து பஸ் ஏறினால் போய்விடக்கூடிய தூரத்தில்தான் பிறந்தது. அதைச் சொல்லலாம்னு தோன்றியது.

எங்க ஊரை முதலில் கொஞ்சம் கண்முன்னே கொண்டுவாங்க. கல்லணை தாண்டி வருகிற காவிரியிலிருந்து குடமுருட்டி பிரிகிற இடம். அங்கேயிருந்து கிழக்கே நடுக்காவேரி, கண்டியூர், திருவையாறு என்று ஆற்றை ஒட்டியே ரோடு போகும். இரண்டு பக்கமும் நெல், நடுநடுவே வாழை, தென்னை. இந்த ஊர்களில் புதுசாக ஒருத்தரைப் பார்த்தால் பெரியவங்க கேட்கிற முதல் கேள்வி "எந்த ஊரு?" இரண்டாவது கேள்வி "எந்தத் தெரு?" சென்னையில் இருக்கிறவங்களுக்கு அது முகவரி கேட்கிற மாதிரி இருக்கும். இல்லைங்க. தெரு பேரைச் சொன்னால் சாதி தெரிந்துவிடும். அந்த இரண்டாவது கேள்வியைத்தான் ஒருத்தர் முழு ஆராய்ச்சியாக மாற்றினார்.

அவர் பெயர் ஆந்த்ரே பெத்தேய். 1934-இல் வங்காளத்தில் சந்தன்நகரில் பிறந்தவர். அப்போது அது பிரெஞ்சு ஆட்சியில் இருந்த ஊர், நம்ம காரைக்கால் மாதிரி. அப்பா பிரெஞ்சுக்காரர், அம்மா வங்காளி. இயற்பியலில் ஆரம்பித்து மானுடவியலுக்குத் தாவியவர். (கோர்ஸ் மாறினவங்க மனசைத் தேத்திக்கலாம்.) 1959-இல் எம்.என். ஸ்ரீநிவாஸ் டெல்லி ஸ்கூல் ஆஃப் எகனாமிக்ஸில் சமூகவியல் துறையைத் தொடங்கினார். பெத்தேய் அதே வருடம் அங்கே விரிவுரையாளராகச் சேர்ந்தார். அதாவது வகுப்பு எடுத்துக்கொண்டே பிஎச்டி. கைடு ஸ்ரீநிவாஸ்.

இந்தக் கைடைப் பற்றி ஒரு நிமிஷம் சொல்லியாகணும். ஸ்ரீநிவாஸ் இரண்டு டாக்டர் பட்டம் வாங்கியவர். முதலாவது பம்பாயில், குர்யேயிடம். குடகு மக்களைப் பற்றி இரண்டு பாகமாக, ஏறத்தாழ 900 பக்கம். பிறகு 1945-இல் ஆக்ஸ்போர்டு போனார். அங்கே ராட்கிளிஃப்-பிரவுன் அதே குடகு தகவல்களை வேறு கோணத்தில் மறுபடி எழுதச் சொன்னார். யோசித்துப் பாருங்க. 900 பக்கம் எழுதி முடித்த ஒருத்தரிடம், அதே விஷயத்தைத் திரும்ப எழுது என்கிறார்கள். ராட்கிளிஃப்-பிரவுன் ஓய்வு பெற்றதும் எவன்ஸ்-பிரிட்சர்டு கைடானார். 1947-இல் பட்டம் வந்தது. 1952-இல் அது புத்தகமானது. இன்று எல்லாரும் மேற்கோள் காட்டுவது அந்த இரண்டாவது வடிவத்தைத்தான். சேர்த்து வைத்த தகவல்கள் பெரும்பாலும் அதேதான். கேள்விதான் மாறியது.

அவர் மாணவர்களிடம் வலியுறுத்தியது 'புத்தகப் பார்வை' வேறு, 'களப் பார்வை' வேறு என்பது. சாஸ்திரத்தில் நான்கு வர்ணம் இருக்கும். ஊருக்குள் போனால் வேறு கதை நடக்கும். ஆக, போய் ஊரில் உட்காரு. அப்படித்தான் வங்காளத்துக்காரர் ஒருத்தர் 1961-இல் தஞ்சாவூர் ஜில்லாவுக்கு வந்தார்.

ஏன் தஞ்சாவூர்? காவிரிப் பாசனம், நெல், பெரிய மிராசுதார்கள், கோயில் நிலம், அக்ரஹாரம், குடியானத் தெரு, சேரி என்று எல்லாமே இங்கே கூர்மையாகத் தெரியும். கேத்லீன் கோஃப் 1951 முதல் 1953 வரை இதே ஜில்லாவில் தங்கி வேலை செய்திருந்தார். அதோடு அந்தச் சமயத்தில் நிலச் சட்டங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்துகொண்டிருந்தன. 1952-இல் தஞ்சாவூருக்கென்றே குத்தகைதாரர், பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம். 1955-இல் சாகுபடிக் குத்தகைதாரர் பாதுகாப்புச் சட்டம். 1961-இல் நில உச்சவரம்பு, 30 ஸ்டாண்டர்டு ஏக்கர். பெத்தேய் பையைத் தூக்கிக்கொண்டு வந்து இறங்கிய நேரத்தில், பழைய ஏற்பாடு எல்லாம் ஆட்டம் கண்டிருந்தது. தீசிஸுக்கு நல்ல நேரம். ஊருக்கு எப்படி இருந்தது என்பது நீங்க எந்தத் தெரு என்பதைப் பொறுத்தது.

திருவையாறு பக்கத்தில் ஒரு கிராமம். தீசிஸில் அதன் பெயர் 'ஸ்ரீபுரம்'. மேப்பில் தேடாதீங்க, அது புனைபெயர். நிஜப் பெயரை நானும் இங்கே சொல்லப் போவதில்லை. யாரிடம் எவ்வளவு நிலம், யாருக்கு யார் மேல் கோபம், பஞ்சாயத்தில் யார் பேச்சு எடுபடுகிறது என்றெல்லாம் சொன்னவங்க நிஜ மனுஷங்க. மறுநாளும் அதே தெருவில், அதே வாய்க்கால் தண்ணிக்குப் பக்கத்து வயல்காரரோடு மல்லுக்கட்ட வேண்டியவங்க. கோஃப் எழுதிய கும்பப்பேட்டையும் கிரிப்பூரும்கூட இப்படி வைத்த பெயர்கள்தான்.

வீடு வீடாகக் கணக்கு எடுத்தார். மொத்தம் 349 வீடுகள். பிராமணர் 92, பிராமணரல்லாதார் 168, ஆதிதிராவிடர் 89. அக்ரஹாரத்தில் ஐயங்கார்கள்தான் அதிகம். இந்த மூன்று எண்ணும் மூன்று தனித்தனிக் குடியிருப்பு. ஆராய்ச்சியாளர் வகைப்படுத்துவதற்கு முன்னாலேயே ஊர் தன்னை வகைப்படுத்தி வைத்திருந்தது.

இப்போ தீசிஸின் மூளைக்கு வருவோம். ஊர் முழுக்கச் சுற்றி நோட்டு நோட்டாக எழுதிவிடலாம். அப்புறம்? அதை எந்த வரிசையில் சொல்வது? மெயில் அனுப்பியவர் மாட்டிக்கொண்டு நிற்கிற இடமும் இதுதான். பெத்தேய் மாக்ஸ் வெபரிடமிருந்து ஒரு கருவியைக் கடன் வாங்கினார். அந்தஸ்து, வர்க்கம், அதிகாரம் மூன்றும் தனித்தனி விஷயங்கள், ஒன்றை மற்றதோடு குழப்பாதே என்பது வெபர் சொன்னது. அதை ஊருக்கு ஏற்ற மாதிரி சாதி, வர்க்கம், அதிகாரம் என்று ஆக்கினார். சாதி அமைப்புக்கு ஓர் அத்தியாயம். நிலம் யாருடையது, குத்தகை யார், பண்ணையாள் யார் என்பதற்கு ஓர் அத்தியாயம். பஞ்சாயத்து, கட்சி, ஓட்டு இதற்கு ஓர் அத்தியாயம். கடைசியில் மூன்றையும் ஒன்றின் மேல் ஒன்று வைத்துப் பார்க்கிற அத்தியாயம்.

நம்ம பாஷையில் சொன்னால் மூன்று டேபிள். ஒரு காலத்தில் மூன்றையும் ஜாயின் பண்ணினால் ஒரே ஆட்கள்தான் எல்லா டேபிளிலும் மேலே வந்திருப்பார்கள். சாதியில் மேலே இருப்பவர் பெரும்பாலும் மிராசுதார், ஊர் விவகாரத்தில் கடைசி வார்த்தையும் அவருடையது. 1961-இல் ஜாயின் சரியாக உட்காரவில்லை. பிராமணர்கள் படித்துவிட்டு வேலைக்கு நகரத்துக்குப் போய்க்கொண்டிருந்தார்கள், நிலம் கொஞ்சம் கொஞ்சமாகக் கைமாறியது. பஞ்சாயத்துத் தலைவர் பிராமணரல்லாதவர். கட்சி அரசியலும் ஓட்டும் அதிகாரத்தை வேறு தெருவுக்கு நகர்த்தியிருந்தன. சாதிப் படிக்கட்டு அப்படியே நிற்கிறது, ஆனால் அதிகாரம் அந்தப் படிக்கட்டில் ஏறி வருவதில்லை. தீசிஸ் சொன்னது சுருக்கமாக இவ்வளவுதான். இன்றைக்கு இது சாதாரணமாகத் தெரியலாம். சாதி என்றாலே மாறாத ஒன்று என்று எழுதிக்கொண்டிருந்த காலத்தில் இது பெரிய விஷயம்.

எனக்கு இதில் ரொம்பப் பிடித்தது முடிவுரை இல்லை, முன்னுரை. பெத்தேய் தங்கியது அக்ரஹாரத்தில், ஒரு பிராமணர் வீட்டில். அங்கே அப்படித் தங்க அனுமதி கிடைத்த முதல் பிராமணரல்லாத ஆள் தான்தான் என்று அவரே எழுதுகிறார். அந்த வீட்டில் இருக்கிறார், அவங்களை மாதிரியே உடுத்துகிறார். அது போதும், மற்ற தெருக்காரர்கள் இவரையும் 'அய்யர் ஆள்' என்றே எடுத்துக்கொண்டார்கள். சேரிக்குள் போனால் அக்ரஹாரத்துக்குப் பிடிக்கவில்லை. சேரியிலும் சந்தேகமாகப் பார்த்தார்கள். விளைவு, பிராமணர்களைப் பற்றி அவரிடம் இருந்த தகவல் ஆழமானது. மற்றவர்களைப் பற்றி, முக்கியமாக ஆதிதிராவிடர்களைப் பற்றி இருந்தது அந்த அளவுக்கு இல்லை. இதை அவர் ஒளிக்கவில்லை. புத்தகத்தின் ஆரம்பத்திலேயே சொல்லிவிடுகிறார்.

சொல்லிவிட்டால் சரியாகிவிடுமா? எனக்கு அப்படித் தோன்றவில்லை. அந்த 89 வீட்டில் ஒரு திண்ணையில் நோட்டோடு உட்கார்ந்திருந்தால், 'அதிகாரம்' என்கிற அத்தியாயம் வேறு மாதிரி வந்திருக்கும் என்றே நினைக்கிறேன். பண்ணையாளுக்கு அதிகாரம் என்பது பஞ்சாயத்து ஓட்டு மட்டும் இல்லை. விடிவதற்கு முன்னால் வயலில் நிற்கணும் என்று யார் சொல்கிறார், கூலி நெல்லை எந்த மரக்காலில் அளக்கிறார், அதுதான் அதிகாரம். அது அக்ரஹாரத்து ஜன்னலிலிருந்து பாதிதான் தெரியும். ஆனால் இந்தக் குறையை நாம் இன்றைக்குப் பேச முடிவதே, அவர் எந்த வீட்டிலிருந்து பார்த்தேன் என்று எழுதி வைத்ததால்தான். சென்சார் எங்கே மாட்டியிருக்கு என்று லாக்கிலேயே குறித்துவைத்த மாதிரி.

கைடுக்கும் இதே கதைதான் என்பது வேடிக்கை. ஸ்ரீநிவாஸ் 1948-இல் மைசூர் பக்கத்து ராம்புரா கிராமத்தில் தங்கியது ஊர்த் தலைவரின் இடத்தில். அந்த ஊரையும் மேல்சாதிக் கோணத்திலிருந்தே அதிகம் பார்த்தேன் என்று அவரும் பின்னால் எழுதினார்.

அந்த ராம்புரா நோட்டுகளுக்கு நடந்தது தெரியுமா? 1970 ஏப்ரல் 24. ஸ்ரீநிவாஸ் அமெரிக்காவில் ஸ்டான்ஃபோர்டில் ஓர் ஆய்வு மையத்தில் இருந்தார், புத்தகத்தை எழுதி முடிக்கலாம் என்று. போராட்டங்கள் உச்சத்தில் இருந்த நேரம். மையத்துக்கு யாரோ தீ வைத்தார்கள். 18 வருடமாக அவர் வகைப்படுத்தி, எழுதித் திருத்திய குறிப்புகள் எரிந்துபோயின. மூன்று பிரதி வைத்திருந்தார். மூன்றும் அதே அறையில். பேக்கப் எடுக்கிறவங்க இங்கே ஒரு நிமிஷம் மௌனமாக நிற்கலாம். மூல நோட்டுப் புத்தகங்கள் டெல்லியில் தப்பித்தன. சோல் டாக்ஸ் என்கிற மானுடவியலாளர், நினைவிலிருந்தே எழுதுங்களேன் என்று யோசனை சொன்னார். அப்படி வந்ததுதான் 1976-இல் வெளியான 'நினைவில் நின்ற கிராமம்' என்று நாம் தமிழில் சொல்லக்கூடிய அந்தப் புத்தகம். அட்டவணைகள் குறைவு, மனிதர்கள் அதிகம். அவர் எழுதியதில் வாசிக்க மிக இனிமையானது அதுதான் என்பது என் கட்சி.

திரும்ப ஸ்ரீபுரத்துக்கு வருவோம். டெல்லி பல்கலைக்கழகத்தில் தீசிஸ் ஏற்கப்பட்டது. 1965-இல் கலிஃபோர்னியா பல்கலைக்கழக அச்சகம் அதைப் புத்தகமாகப் போட்டது. அப்போது பெத்தேய்க்கு வயது 31. மூன்று வருடத்தில், 1968 டிசம்பர் 25 அன்று, அதே ஜில்லாவின் கிழக்குப் பக்கம் கீழ்வெண்மணியில் 44 பேர் குடிசைக்குள் எரித்துக் கொல்லப்பட்டார்கள். பெரும்பாலும் பெண்கள், குழந்தைகள், எல்லாரும் தலித் கூலித் தொழிலாளர் குடும்பங்கள். பிரச்சினை ஆரம்பித்தது கூலி நெல்லில். கீழத்தஞ்சையும் திருவையாறு பக்கமும் ஒன்று இல்லை. அங்கே பெரிய பண்ணைகள், நிலமில்லாதவர்கள் ரொம்ப அதிகம், கம்யூனிஸ்ட் சங்கம் பலமாக இருந்தது. ஸ்ரீபுரம் தீசிஸ் வெண்மணியை முன்கூட்டிச் சொல்லியிருக்கணும் என்று கேட்பது நியாயம் இல்லை. ஆனால் எந்தத் தெருவைப் பற்றிய தகவல் மெலிசாக இருந்ததோ, தஞ்சாவூர் என்றால் நாட்டுக்கு நினைவு வருவது அந்தத் தெருதான் என்று ஆகிப்போனது. பெத்தேயும் 1974-இல் வெளியிட்ட கட்டுரைத் தொகுப்பில் நில உறவுகள் பக்கம் கூடுதலாகத் திரும்பினார். கோஃப் 1976-இல் மறுபடி தஞ்சாவூர் வந்தார். 1981-இல் வந்த அவர் புத்தகத்தில் கூலித் தொழிலாளர்கள் நடுவில் நிற்கிறார்கள்.

பெத்தேய் தன் புத்தகத்தை மூடிவைக்கவும் இல்லை. களப்பணியின் அவஸ்தைகளைப் பற்றித் தனிக் கட்டுரை எழுதினார். டி.என். மதனோடு சேர்ந்து, மற்ற ஆய்வாளர்களின் களப்பணி அனுபவங்களையும் 1975-இல் தொகுத்தார். 1996-இல் ஸ்ரீபுரம் புத்தகம் கூடுதல் கட்டுரைகளோடு இரண்டாம் பதிப்பு வந்தது. 2005-இல் பத்மபூஷண்.

மெயில் அனுப்பியவருக்கு: புத்தகம் நூலகங்களில் கிடைக்கும். அத்தியாயம் பிரித்த விதத்தைப் பாருங்க, பொருளடக்கப் பக்கத்தை மட்டும் வைத்தே அரை மணி நேரம் யோசிக்கலாம். உங்க டேட்டாவை நீங்க எந்தத் திண்ணையில் உட்கார்ந்து எடுத்தீங்க என்று ஒரு பக்கம் எழுதிப் பாருங்க. எழுத்து நகராவிட்டாலும் அந்தப் பக்கம் நகரும். அடுத்த எபிசோடில் கேத்லீன் கோஃப். அவங்க 25 வருஷம் கழித்துத் திரும்பி வந்தபோது கும்பப்பேட்டையில் என்ன மாறியிருந்தது, எது மாறவே இல்லை என்று பார்க்கலாம். நீங்க டெல்டாக்காரங்களா இருந்தா, உங்க வீட்டுப் பெரியவங்ககிட்ட குத்தகை, வாரம், பண்ணையாள் மூணுக்கும் என்ன வித்தியாசம்னு கேட்டு ரெக்கார்டு பண்ணி அனுப்புங்க. எந்தத் தெருவிலிருந்து பேசறாங்கன்னும் சேர்த்துச் சொல்லச் சொல்லுங்க.