சேர்ந்த தேதி, விலகிய தேதி

முதல் கம்பெனியை விட்டு வந்தபோது எனக்குக் கிடைத்த ரிலீவிங் லெட்டரில் மூன்றே வரிகள். இன்ன தேதியில் சேர்ந்தார், இன்ன தேதியில் விலகினார், பார்த்த வேலை இது. நாலு வருஷம் ராப்பகலாக உழைத்ததற்கு இவ்வளவுதானா என்று கடுப்பாக இருந்தது. அதையும் உடனே கொடுத்துவிடவில்லை. நோட்டீஸ் பீரியட் கணக்கில் பாக்கி என்று சொல்லி ஐந்து வாரம் இழுத்தடித்தார்கள். சேரப் போகிற இடத்தில் இருந்து ஒரு நாள் விட்டு ஒரு நாள் மெயில் வரும்: லெட்டர் என்ன ஆச்சு?

அந்த மூன்று வரிகளை இப்போது வேறு மாதிரி பார்க்கிறேன். பத்தொன்பதாம் நூற்றாண்டு பிரான்சின் தொழிலாளிகள் சட்டைப்பையில் வைத்திருந்த, பல நேரம் வைத்திருக்க முடியாமல் போன, ஒரு குட்டி நோட்டுப் புத்தகம்தான் அதற்குக் காரணம்.

அதன் பெயர் லிவ்ரே. பிரெஞ்சில் சிறு புத்தகம் என்று பொருள். 1781-இல் மன்னராட்சி கொண்டுவந்தது. புரட்சிக் காலத்தில் வழக்கொழிந்தது. 1803-இல், நெப்போலியன் முதல் கான்சலாக இருந்தபோது, திரும்பி வந்தது. ஏப்ரலில் சட்டம், டிசம்பரில் விதிகள். பாரிஸ் போன்ற பெருநகரங்களில் போலீஸும், மற்ற ஊர்களில் மேயரும் இதைக் கொடுப்பார்கள். வேலையில் சேர்ந்ததும் முதலாளி கேட்டால் ஒப்படைத்துவிட வேண்டும். விலகும்போது, 'இவர் தன் கடமைகளை முடித்துவிட்டார்' என்று அவர் அதில் எழுதித் தர வேண்டும். அந்த வரி இல்லாத ஆளை இன்னொரு முதலாளி சேர்த்துக்கொள்ளக் கூடாது. லிவ்ரே இல்லாமல் ஊர் விட்டு ஊர் போகிறவனை, திக்கில்லாமல் திரிகிறவன் என்று பிடித்து உள்ளே போடலாம்.

ஒருவன் ஒழுங்காக வேலை செய்தானா என்பதற்கான சான்றும், அவன் ரோட்டில் நடக்கலாமா என்பதற்கான அனுமதியும் ஒரே புத்தகம்! அதுவும் அடுத்தவர் பெட்டிக்குள்.

முன்பணம் விஷயம்தான் இதில் மோசம். கூலி போதாத காலத்தில் முதலாளியிடம் முன்பணம் வாங்குவது சகஜம். வாங்கிய கடனை வேலை செய்து அடைக்கும்வரை தொழிலாளி லிவ்ரேயைத் திருப்பிக் கேட்க முடியாது. முதலாளியே வேலையில்லை என்று அனுப்பிவிட்டால் கடன் தொகையை அதில் எழுதி அனுப்புவார். அடுத்த முதலாளி அன்றாடக் கூலியில் ஐந்தில் ஒரு பங்குவரை பிடித்துப் பழைய முதலாளிக்குக் கொடுக்க வேண்டும். நல்ல கைத்தேர்ச்சி உள்ள ஆள் வேறு பட்டறைக்குப் போகாமல் இருக்க, அவனுக்குக் கொஞ்சம் கடன் கொடுத்தாலே போதும். எங்கள் துறையில் சேரும்போது போனஸ் கொடுத்து, 'ரெண்டு வருஷத்துக்குள் போனால் திருப்பிக் கட்டு' என்று கையெழுத்து வாங்குவார்களே, அது நினைவுக்கு வந்தது. (இரண்டும் ஒன்றல்ல. எங்களை யாரும் ரோட்டில் பிடித்துப் போவதில்லை.)

இந்தப் பிடி ஒரேயடியாகத் தளரவில்லை. கடனுக்காக லிவ்ரேயைப் பிடித்து வைப்பதை 1851 சட்டம் நிறுத்தியது. எழுதக்கூடிய கடனுக்கு 30 பிராங்க் என்று வரம்பும் போட்டது. 1854 சட்டம் பெண்களையும் வீட்டிலிருந்து வேலை செய்பவர்களையும் உள்ளே இழுத்தது. ஆனால் புத்தகம் தொழிலாளியின் கையிலேயே இருக்கட்டும் என்றது. கூடவே ஒரு விதி: தொழிலாளியைப் பற்றி அதில் எந்தக் குறிப்பும் எழுதக் கூடாது. கெட்டதும் கூடாது, நல்லதும் கூடாது.

நல்லதை ஏன் தடுக்க வேண்டும்? யோசித்தால் புரிகிறது. பத்துப் பேர் புத்தகத்தில் 'நல்ல வேலைக்காரர்' என்று இருந்து பதினொன்றாவது ஆளுடையதில் இல்லையென்றால், அந்த வெற்றிடமே புகார் ஆகிவிடும்.

ஜெர்மனியில் இன்றும் இதைப் பார்க்கலாம். அங்கே விலகும் ஊழியர் விரிவான நற்சான்றைக் கேட்டு வாங்கலாம். அது உண்மையாகவும் இருக்க வேண்டும், அவர் பிழைப்பைக் கெடுக்காத கனிவோடும் இருக்க வேண்டும். விளைவு, ஒரு சங்கேத மொழி. 'எப்போதும் எங்கள் முழுத் திருப்திக்கு' என்றால் நல்ல மார்க். வெறும் 'எங்கள் திருப்திக்கு' என்றால் சுமார்தான். 'முயற்சி செய்தார்' என்று போட்டிருந்தால் ஆள் தேறமாட்டார். மறைபொருள் வைத்து எழுதக் கூடாது என்று சட்டத்திலேயே இருக்கிறது. இருந்தும் எழுதுகிறார்கள், படிக்கிறார்கள்.

பிரான்ஸ் 1890 ஜூலை 2-ஆம் தேதிச் சட்டத்தில் லிவ்ரேயை ஒழித்தது. அதற்குப் பதிலாகத் தொழிலாளிக்கு ஓர் உரிமை தந்தது: விலகும்போது சான்றிதழ் கேட்கலாம், கொடுக்காத முதலாளி நஷ்டஈடு தர வேண்டும். அதில் மூன்று விஷயங்கள் மட்டுமே இருக்கலாம். சேர்ந்த தேதி. விலகிய தேதி. பார்த்த வேலை.

படித்தபோது சிரித்துவிட்டேன். நான் அலுத்துக்கொண்ட அதே மூன்று வரிகள்.

போன மாதம் ஒரு போன். முன்பு என் டீமில் இருந்த தம்பி ஒருவர் என் பெயரை ரெஃபரன்ஸாகக் கொடுத்திருக்கிறார். ரிலீஸுக்குப் பத்து நாள் இருக்கும்போது விட்டுப் போனவர். அந்தப் பத்து நாளும் நான் ஆபீஸிலேயே படுத்துக் கிடந்தேன். எப்போது சேர்ந்தார், எப்போது போனார், என்ன செய்தார் என்று சொன்னேன்.

"அவ்ளோதானா சார்?" என்றது எதிர்முனை. கீபோர்டு சத்தம் நின்றிருந்தது. என் மௌனத்தையும் எங்கேயோ குறித்துக்கொள்வார்கள் என்று தோன்றியது.

"மெயில்ல ஒரு ஃபார்ம் வரும் சார், ஃபில் பண்ணிடுங்க."

வந்தது. கடைசிக் கேள்வி: இவரை மறுபடி வேலைக்கு எடுப்பீர்களா? ஆம், இல்லை, இரண்டே கட்டங்கள். காலையில் திறந்தேன். சாயங்காலம் நாலு மணிக்கு 'ஆம்' போட்டு அனுப்பினேன்.