எண்ணாயிரத்துச் சோறு

முதலாம் இராஜேந்திர சோழன் (1012–1044) கங்கை கொண்டதையும் கடாரம் வென்றதையும் பள்ளிப் பிள்ளைகள்கூட ஒப்பித்துவிடுவார்கள். அவன் காலத்துக் கல்லூரி ஒன்றில் நாள்தோறும் எத்தனை மாணவர்களுக்கு நெல் அளக்கப்பட்டது என்று கேட்டால் பெரியவர்களே விழிப்பார்கள்!

விழுப்புரத்துக்கு வடக்கே, திண்டிவனத்துக்குத் தென்மேற்கே, எண்ணாயிரம் என்று ஓர் ஊர் இருக்கிறது. அங்குள்ள கோயில் கல்வெட்டு கணக்குச் சொல்கிறது. இளைய மாணவர் 270 பேர். ஆளுக்கு நாளொன்றுக்கு 6 நாழி நெல். மூத்தவர் 70 பேர். ஆளுக்கு ஒரு குறுணி இரண்டு நாழி. ஆசிரியர் 14 பேர். இதற்காக விடப்பட்ட நிலம் 45 வேலி. மாணவர் பங்கை மட்டும் கூட்டிப் பார்த்தேன். தினம் 24 கலம் 2 குறுணி வந்தது!

அரசன் நிலத்தைக் கொடுத்துவிடலாம். நெல்மணியை யார் கொடுப்பது?

இந்தச் சீமையில் ஐப்பசி, கார்த்திகையில் மழை கொட்டும், மார்கழியில் ஓய்ந்துவிடும். சம்பாப் பயிர் கதிர் விட்டுப் பூப்பதும் ஏறக்குறைய அப்போதுதான். பூத்த பிறகு மணி முற்ற ஒரு மாதம் ஆகும். இலை சமைக்கும் சர்க்கரை நீரில் கரைந்துதான் கதிருக்குப் போகிறது. அதுவே உமிக்குள் பாலாகி, பின் அரிசியாக இறுகுகிறது. பூக்கும் வேளையில் மண் காய்ந்தால் மணியே பிடிக்காது, பயிர் சாவியாகிவிடும். பால் பிடிக்கும்போது காய்ந்தால் இலை சுருண்டு, மணி இளைத்துக் கருக்காயாகும். அறுப்புக்குப் பத்து நாள் முன்னால் தண்ணீரை வடித்துவிடலாம். அதுவரை மண்ணில் ஈரம் இருந்தாக வேண்டும்.

ஆக, வானம் கைவிடும் அந்த ஒரு மாதத்துக்காகவே நம் முன்னோர் ஏரி வெட்டினார்கள் என்று சொன்னால் அது மிகையாகாது. நீர் கீழே இறங்கிவிடாமலிருக்கச் சேற்றுழவு உழுதார்கள். உத்திரமேரூரில் 921-ஆம் ஆண்டுக் கல்வெட்டு, ஏரி வாரியத்துக்கு 6 பேரைக் குடவோலையால் தேர்ந்தெடுக்கச் சொல்கிறது. கரை உடைந்தாலும் மடை தூர்ந்தாலும் ஊர் பட்டினி கிடக்கும் என்பது அவர்களுக்குத் தெரியாதா, என்ன?

எண்ணாயிரத்துக் கல்லில் மன்னன் பெயர் இருக்கிறது. மார்கழிப் பனியில் மண்வெட்டியோடு போய் மடை திறந்தவனின் பெயர் இல்லை. அவன் ஒரு நாள் அயர்ந்து தூங்கியிருந்தால் 340 மாணவர்களின் பாடம் என்னவாகியிருக்கும்? திண்டிவனத்திலிருந்து விழுப்புரத்துக்கு ரயிலில் போகும்போது வழியில் ஏரிக்கரை எதையாவது கண்டால், நேயர்களே, அவனையும் ஒரு கணம் நினைத்துக்கொள்ளுங்கள்.