நகையும் ஊர் வழக்கும்

நகைச்சுவை நாடகம் பொழுதுபோக்கிற்கு மட்டுமே உரியதென எண்ணுவோர் நம்மிடையே பலர் உளர். எண்வகை மெய்ப்பாடுகளுள் நகையை முதலில் வைத்தெண்ணிய தொல்காப்பியர் அவ்வாறு கருதினாரல்லர். எள்ளலையும் பேதைமையையும் நகையின் நிலைக்களன்களாக அவர் வகுத்தார். அங்ஙனமாயின், யாரை எள்ளுவது, எம்மொழியில் எள்ளுவது என்பன நகை நாடகம் ஆடுவோர் முதற்கண் விடை காண வேண்டிய வினாக்களாகும்.

1920களில் திருகோணமலை இந்துக் கல்லூரியின் வளர்ச்சிக்கு உழைத்த விபுலாநந்த அடிகள், 1926இல் வெளிவந்த 'மதங்கசூளாமணி'யிலே சேக்சுபியரின் பன்னிரு நாடகங்களையும், வடமொழித் தசரூபகத்தின் நாடக இலக்கணத்தையும் தமிழில் ஆராய்ந்தார். தசரூபகம் கூறும் பத்து வகை நாடகங்களுள் பிரகசனம் எனும் நகை நாடகமும் ஒன்று. நகைக்கும் இலக்கணம் உண்டென்பது இதனாற் புலனாகும்.

அடிகளாருக்குப் பின் 1947இல் இலங்கைப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேராசிரியரான க. கணபதிப்பிள்ளை, மேற்கூறிய வினாக்களுக்கு அதற்கு முன்பே மேடையில் விடை கண்டிருந்தார். 'உடையார் மிடுக்கு' முதலிய நான்கு நாடகங்கள் அடங்கிய அவரது 'நானாடகம்' 1940இல் நூலுருப் பெற்றது. அவர்தம் நாடகங்களைப் பல்கலைக்கழகத் தமிழ்ச் சங்கத்தார் நடித்தனர். அரசர்களும் தேவர்களும் செந்தமிழ் பேசிய மேடையிலே யாழ்ப்பாணக் கிராமத்தவர் தம் வீட்டு மொழியிற் பேசினர். குடியேற்ற ஆட்சியின் ஊர்ப் பதவியாளரான உடையாரின் பெருமிதம் நகைப்பிற்கு இடமாயிற்று. 1960களில் பேச்சுத்தமிழை 'இழிசனர் வழக்கு' எனப் பழித்தோருக்கு, இருபது ஆண்டுகள் முன்னரே இந்நாடகங்கள் மறுமொழி கூறிவிட்டன எனலாம்.

திருகோணமலையிற் பிறந்த எனக்கு இதில் ஒரு படிப்பினை உண்டு. 1957 வரை ஆங்கிலக் கடற்படைத் தளமாயிருந்த எமது துறைமுகப் பட்டினத்தில் தமிழரும் முஸ்லிம்களும் சிங்களவரும் அயலவராய் வாழ்கின்றனர். மூதூர், கிண்ணியா, தம்பலகாமம் எனச் சுற்றுப்புற ஊர்கள் பல. இத்தகைய இடத்தில் நகை நாடகம் ஆட முனையும் ஊர் மன்றத்திற்கு, அயலவர் பேச்சைப் பழித்துச் சிரிப்பூட்டுதல் மிக எளிது. அச்சிரிப்பு அரங்கோடு அடங்குவதில்லை. மறுநாட் சந்தையிலும் தொடரும். பேராசிரியர் காட்டிய வழி அதுவன்று. அவர் தம் ஊரவரைத் தம் ஊர் மொழியிலேயே எள்ளினார். அதிலும் எளியோரை விடுத்து, மிடுக்குடையோரை எள்ளினார்.

எமது மன்றங்களும் முதலில் தம்மையே எள்ளப் பழகட்டும். தன்னை நோக்கித் தான் நகைக்க அறிந்த ஊரே அயலாரோடு கூடியிருந்தும் நகைக்க வல்லது.